இராமானுஜன் வீட்டு வரவு செலவு

கணித மேதை இராமானுஜனை அறியாத மாணவர் நம்முள் எவரும் இலர். 1729 என்று சொன்ன மாத்திரத்தில், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று விடைகூற முதலாண்டு மாணவனும் முந்திக்கொள்வான். பேராசிரியர் ஹார்டி வாடகைக் காரில் வந்ததும், அந்தக் காரின் எண்ணில் சுவை ஏதும் இல்லை என்று குறைப்பட்டதும், இராமானுஜன் அதை உடனே மறுத்ததும் பள்ளிப் பருவம் முதல் நாம் கேட்டு மகிழ்ந்த கதை. ஆனால் அந்தக் கதை நடந்த இடத்தை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அது வகுப்பறை அன்று, நூலகமும் அன்று. இலண்டன் மாநகரின் பட்னிப் பகுதியில் இருந்த ஒரு மருத்துவ விடுதி. ஹார்டி அங்கே வந்தது நோயாளியைப் பார்ப்பதற்கு. படுக்கையில் கிடந்தவர் முப்பது வயதினர். அவருடைய மனைவியோ கடல்களுக்கு அப்பால், கணவரின் கடிதமும் கைக்கு வாராத நிலையில் இருந்தார்.

இராமானுஜனின் கணிதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நான் நுண்ணுயிரியல் பயில்பவன். அவருடைய சமன்பாடுகளை விளக்க என்னினும் தகுதியுடையோர் நம் சங்கத்தில் உளர். ஒரு வீட்டில் கணவன் நோயில் விழுந்தால் அந்த வீடு நாளை எவ்வாறு கடத்துகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, இரவில் விழித்திருப்பவர் யார், எல்லாம் முடிந்த பின் மனைவியின் கதி என்ன என்ற கேள்விகளோடு அவர் வரலாற்றைப் படித்தேன். படித்தபோது இதுவரை கண்டிராத வேறு ஓர் இராமானுஜன் தெரிந்தார். அவர் பக்கத்தில் இன்னொருவரும் தெரிந்தார்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். கல்லூரி மாணவருக்கு வீட்டில் இடங்கொடுத்தும் குடும்பத்தைத் தாங்கினார். 1909 ஜூலை 14ஆம் நாள், கரூர்ப் பக்கத்து இராஜேந்திரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜானகியை இராமானுஜனுக்கு மணம் முடித்தார்கள். மணமகனுக்கு வயது 21, மணமகளுக்கு 10. அக்கால வழக்கப்படி ஜானகி சில ஆண்டுகள் பிறந்த வீட்டிலேயே இருந்தார்.

மணம் முடிந்த ஆறு மாதத்தில் இராமானுஜனுக்கு விரைவீக்கம் கண்டு அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. கையில் பணம் இல்லை. 1910 ஜனவரியில் குப்புசாமி என்ற மருத்துவர் கட்டணம் வாங்காமல் அதைச் செய்து கொடுத்தார். அந்த மணவாழ்க்கையின் கணக்கேட்டில் முதற்செலவே மருத்துவச் செலவு. அதுவும் கொடுக்க இயலாமற் போன செலவு!

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அதன் பின்னரே தாயாரும் ஜானகியும் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கிற்று. பிறகு ஹார்டியின் அழைப்பு வந்தது. 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார். தாமும் உடன் வருவதாக ஜானகி கேட்டிருக்கிறார். சிறு பெண் என்று கூறி விட்டுச் சென்றார்கள். பல்கலைக் கழகம் தந்த ஆண்டுத் தொகை 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அந்நாள் விகிதப்படி மாதம் 62 ரூபாய்க்கு மேல் வருகிறது. தந்தையார் சம்பளத்தைப் போல் மும்மடங்கு. கும்பகோணத்து வீட்டில் உலை பொங்கியது. ஆனால் பொங்கிய சோற்றின் விலையைக் கேம்பிரிட்ஜில் ஒருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மரக்கறி உணவினர். தாமே சமைத்து உண்டார். புளியும் பொடி வகைகளும் ஊரிலிருந்து போயின. போர் மூண்டபின் நல்ல காய்கனிகள் அரிதாயின. சில நாள் இரவு பகலாக எழுதிவிட்டு ஒரே வேளை சமைப்பார்; சில நாள் அதுவும் இல்லை. 1917 வசந்த காலத்தில் உடல் முற்றிலும் சாய்ந்தது. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பின்னர்க் காச நோய் என்றார்கள். ஒரு மருத்துவ விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அவற்றுள் ஒன்று மெண்டிப் குன்றுகளில் இருந்த நலவாழ்வு மனை. அதை நடத்தியவர் டாக்டர் சவுரிமுத்து என்ற சென்னைக்காரர். சென்னை மின்சார இரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு நிலையம் வருகிறது அன்றோ? அந்த மருத்துவ மனையை 1928இல் தோற்றுவித்தவர் இவரே. அக்காலத்தில் காச நோய்க்குக் கொல்லும் மருந்து ஏதும் இல்லை. குளிர்ந்த திறந்த காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவுமே மருத்துவம் எனப்பட்டன. வெயில் நாட்டுக்காரர், இறைச்சி உண்ணாதவர், தனிமையில் வாடியவர். இம் மூன்றில் எது அவருக்குப் பொருந்தியிருக்கும்?

வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் குறைந்து, பின் நின்றன. ஜானகி எழுதியவற்றை மாமியார் அனுப்பவிடவில்லை; கணவர் எழுதியவற்றையும் தம்மிடம் தரவில்லை. ஜானகி அம்மையார் பிற்காலத்தில் கூறிய செய்தி இது. இதைக் கொண்டு கோமளத்தம்மாளைக் கொடுமைக்காரியாக்கிக் கதை முடிப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஜனைக் காசில் பிள்ளையை வளர்த்தவர் அவர். அந்தப் பிள்ளை தவிர அவருக்கு வேறு சொத்து ஏது? ஆனால் இரு பெண்டிருக்கும் நடுவே கடிதம் சிக்கிக்கொள்ள, மூன்றாமவர் அயல்நாட்டில் யாரும் தம்மை நினைக்கவில்லை என்று எண்ணியிருந்தார். 1918இன் தொடக்கத்தில் மனமுடைந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளத் துணிந்து, நல்லூழால் உயிர் தப்பினார். ஹார்டி காவல் துறையினரிடம் பேசி அவரை மீட்டார்.

அதே ஆண்டில்தான் பெருமைகள் வந்தன. அரசவைக் கழக உறுப்பினர் பதவி மே மாதத்திலும், டிரினிட்டிக் கல்லூரித் தகைமை அக்டோபரிலும் கிடைத்தன. டிரினிட்டி ஆண்டுக்கு 250 பவுண்டு ஆறு ஆண்டுகளுக்கும், சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஐந்து ஆண்டுகளுக்கும் அளிக்க முன்வந்தன. கூட்டிப் பாருங்கள். 500 பவுண்டு என்பது மாதம் 625 ரூபாய். துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர், எழுந்து உட்காரவும் வலுவற்ற நாளில், அதைப்போல் இருபது மடங்கு வருவாய்க்கு உரியவரானார்.

இங்கே ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1919 ஜனவரி 11ஆம் நாள் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு இராமானுஜன் நன்றி கூறி எழுதினார். தமக்குக் கிடைக்கும் தொகை தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுண்டு தரவேண்டும் என்றும், தம் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வறுமையை அறிந்த நெஞ்சு அவ்வாறுதான் எழுதும். இக்கடிதத்தை மேடைகளில் எடுத்துரைப்போர் பலர். அதில் மனைவியின் பெயர் இல்லை என்பதை எடுத்துரைப்போர் இலர். அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. முப்பத்தொரு வயதுக்காரர், ஊர் திரும்பி மனைவியோடு வாழப் போகிறோம் என்றே எண்ணியிருப்பார். தம் செலவு என்றதில் அவளும் அடக்கம் என்று கருதியிருப்பார். ஆனால் நோயாளியின் கணக்கில் எழுதாமல் விட்ட வரி எதுவோ, அதுவே பிற்பாடு பெரிதாகிறது.

1919 மார்ச்சில் கப்பல் பம்பாய் வந்தது. துறைமுகத்தில் தாயாரும் தம்பியும் நின்றனர். ஜானகியைக் காணாமல், அவள் எங்கே என்று அவர் கேட்டார். ஜானகி அப்போது பிறந்த வீட்டாரோடு இருந்தார். பின்னர்ச் சென்னையில் வந்து சேர்ந்தார். ஐந்தாண்டுப் பிரிவுக்குப் பின் இருபது வயதுப் பெண் கண்டது எலும்பும் தோலுமான கணவரை. அன்று தொடங்கியது அவருடைய இல்லறம். அது ஓராண்டே நீடித்தது.

முதலில் மயிலாப்பூர் லஸ் பகுதியில் சில மாதம். பிறகு காவிரிக்கரையில் கொடுமுடி. அங்கே ஆவணி அவிட்ட நாளில் ஆற்றுக்குச் செல்லும்போது ஜானகியும் வரவேண்டும் என்றார் இராமானுஜன். கூடாது என்றார் தாயார். எந்நாளும் தாய் சொல்லைத் தட்டாதவர் அன்று தட்டினார். ஜானகி ஆற்றுக்குச் சென்றார். சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் நோயாளியின் அருகே இருக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு அந்த வீட்டில் அன்றுதான் தீர்ந்தது என்று நான் கொள்கிறேன். பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மீண்டும் சென்னை. சேத்துப்பட்டில் மூன்று வீடுகள் அடுத்தடுத்து மாறினர். அவற்றுள் ஒன்றின் பெயர் கிரைனண்ட். ஆங்கிலத்தில் அழுகையைக் குறிக்கும் ஒலி அதில் இருப்பதாகச் சொல்லி அவர் அதை விரும்பவில்லையாம். கடைசி வீட்டின் பெயர் கொமெட்ரா.

அந்த ஓராண்டில் ஜானகி செய்தவை எவை? நேரந்தவறாமல் சோறும், எலுமிச்சைச் சாறும், மோரும் கொடுத்தார். வலி மிகும்போது வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கால்களிலும் மார்பிலும் ஒத்தடம் கொடுத்தார். சிடுசிடுப்பைத் தாங்கினார். தாள் கேட்கும்போது தாள் கொடுத்தார்; எழுதி முடித்தவற்றைச் சேர்த்துத் தோற்பெட்டியில் வைத்தார். ஜானகியை உடன் அழைத்துச் சென்றிருந்தால் இந்நோய் வந்திராது என்று கணவர் வருந்தியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1920 ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இராமானுஜன் அறிவித்த போலித் தீட்டாச் சார்புகள் இன்றும் ஆராயப்படுகின்றன. அந்த ஓராண்டில் எழுதிய தாள்களைப் பல்கலைக் கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கண்ணில் படாமல் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரால் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. 600க்கு மேற்பட்ட வாய்பாடுகள் அவற்றில் இருந்தன. வெந்நீர் ஒத்தடத்துக்கும் அடுத்த ஒத்தடத்துக்கும் இடையே எழுதப்பட்டவை அவை.

பணத்துக்கு அப்போது குறைவில்லை. வழக்கறிஞர் எஸ். சீனிவாச ஐயங்கார் செலவுகளை ஏற்றார். நம்பெருமாள் செட்டியார் வாடகையின்றி வீடு தந்தார். சிறந்த மருத்துவரான சந்திரசேகர ஐயர் பார்த்தார். ஒரு காலத்தில் அறுவை மருத்துவத்துக்குப் பணமின்றி நின்ற குடும்பத்துக்கு, பணத்தால் ஆகத்தக்கது எல்லாம் ஆயிற்று. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் காலை இராமானுஜன் காலமானார். வயது 32. கடல் கடந்தவர், கழுவாய் செய்துகொள்ளாதவர் என்று வைதிக உறவினர் பலர் வரவில்லை. தகனத்துக்கான ஏற்பாடுகளை முன்பு அவரை ஆதரித்த இராமச்சந்திர ராவ் செய்வித்தார்.

என் பாடத்தைத் தொட்டு ஒரு சொல். டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய் காச நோய் அன்று, அமீபாவால் கல்லீரலைப் பற்றிய நோயாக இருத்தல் கூடும் என்பது அவர் முடிவு. 1906இல் சென்னையில் கல்லூரியில் படித்தபோதே இராமானுஜனுக்குச் சீதபேதி கண்டிருந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து பின் வெளிப்படுவது அந்த அமீபாவின் இயல்பு. இது குறிப்புகளைக் கொண்டு செய்த ஊகமே. மெய்ப்பிக்க இனி வழியில்லை. ஆனால் அதற்குரிய எமிட்டின் ஊசி மருத்துவத்தை லெனர்டு ரோஜர்ஸ் என்பார் கல்கத்தாவில் 1912இலேயே நிறுவியிருந்தார். யங் கூறுவது சரியாயின், மருந்து நம் நாட்டிலேயே இருந்தது.

இன்னும் ஒரு பொருத்தம். இராமானுஜன் உயிர்விட்ட அதே சேத்துப்பட்டில் 1956இல் காச நோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை நலவாழ்வு மனையிலும், மற்றவரை நெரிசலான தம் வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு ஏழ்மையானது, ஓய்வும் குறைவு. ஆயினும் குணம் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் வெளிவந்த இம் முடிவு உலகின் காச மருத்துவ முறையையே மாற்றியது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று அறிவியல் சொல்ல அத்தனை காலம் ஆயிற்று.

ஆனால் வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் வீட்டில் யார் பார்ப்பது? நான் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனில், நம்மவர் நெருங்கி வாழும் சந்துகளில், கணவன் இருமத் தொடங்கினால் மனைவி முதலில் எண்ணுவது நோயின் பெயரை அன்று. அந்த வாரக் கூலியை. சீட்டுப் பணம் தவறும். தோடு சேட்டுக் கடைக்குப் போகும். அவள் இன்னும் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சேருவாள். மருந்து அரசால் இலவசமாகக் கிடைக்கிறது. ஊட்டத்துக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளிக்குத் தருகிறார்கள். நன்று. விழித்திருப்பவளுக்கு என்று தனியே ஒரு வரி இன்னும் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஜானகியின் கணக்குக்கு வருவோம். பல்கலைக் கழகம் அறிஞருக்கு அளித்தது ஆண்டுக்கு 250 பவுண்டு, அதாவது மாதம் 312 ரூபாய். அவர் மனைவிக்கு அளித்த ஓய்வூதியம் மாதம் 20 ரூபாய். அவருக்கு வயது 21. சில ஆண்டுகள் பம்பாயில் தமையனார் வீட்டில் தங்கித் தையல் கற்றார். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணி ஹனுமந்தராயன் கோயில் தெருவில் குடியேறினார். துணி தைத்தும், பெண் பிள்ளைகளுக்குத் தையலும் பூவேலையும் கற்பித்தும் யார் கையையும் எதிர்பாராமல் வாழ்ந்தார். தாயை இழந்த ஒரு சிறுவனை 1950 அளவில் எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1919ஆம் ஆண்டுக் கடிதத்தில் கணவர் கேட்டுக்கொண்டதைத் தையற்கூலியில் நிறைவேற்றியவர் மனைவிதான்.

ஓய்வூதியம் உயர்ந்ததும், அரசுகளும் நிறுவனங்களும் டிரினிட்டிக் கல்லூரியும் உதவியதும் அவருடைய முதுமையில். கணவருக்குச் சிலை வைப்பதாக முன்பு சொன்னார்களே, அது எங்கே என்று அவர் செய்தியாளரிடம் கேட்ட கேள்வி கடல் கடந்து சென்றது. ரிச்சர்டு ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் உலகெங்கும் உள்ள கணித அறிஞரிடம் பொருள் திரட்டினார். பால் கிரான்லண்டு என்ற சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வடித்தார். 1980களில் அது திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்தது.

ஏறத்தாழ 74 ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து, 1994 ஏப்ரல் 13ஆம் நாள் ஜானகி அம்மையார் மறைந்தார். கணவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாட்கள் எல்லாம் கூட்டினால் மூன்று ஆண்டுக்கு மேல் இரா. சேத்துப்பட்டில் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை அவர் கடைசிவரை பிறருக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்திருந்தார்.